கதவு மூடாத நான்கு மணி நேரம்

ஒன்பது நாளில் ஐந்து நாடு, பதினொரு நகரம்.
எதைப் பார்க்க வேண்டும், எத்தனை நிமிடம் நிற்கலாம்,
எங்கே கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும் என்று
அருள்சீலன் தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்.

பாரிஸ்: கோபுரம், இரண்டாம் தளம் வரை.
பிரஸ்ஸல்ஸ்: சிறுநீர் கழிக்கும் பையன், பதினைந்து நிமிடம்.
இவ்வளவுதானா என்றார் கோமதிநாயகம்.
இவ்வளவுதான்.
கொலோன்: தேவாலயம், வெளியிலிருந்து.
வெளியிலிருந்து என்பதன் அடியில் ஒரு கோடு.

ஆறாம் நாள் பேருந்தின் பின்கதவு மூட மறுத்தது.
ஓட்டுநர் மிரோஸ்லாவ் தள்ளினார், உதைத்தார்,
தன் மொழியில் அதன் தாயைப் பற்றி ஏதோ சொன்னார்.
மெக்கானிக் வர நான்கு மணி நேரம்.
நாங்கள் நின்ற ஊர் தாளில் இல்லை.
ஃப்ரைபர்க் என்றது பலகை.

நாற்பத்திரண்டு பேரில் பாதிப்பேர்
இருக்கையிலேயே புளியோதரையைப் பிரித்தார்கள்.
பணம் கட்டாத ஊரைப் பார்ப்பது
யாரையோ ஏமாற்றுவதுபோல் இருந்திருக்கலாம்.
நான் இறங்கினேன்.
கூட்டுறவு வங்கியில் இருபத்தெட்டு வருடம்
அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்தவளுக்கு
எந்தக் கணக்கிலும் வராத நான்கு மணி நேரம்.

தெருவோரம் ஓடுகிறது தண்ணீர்.
சாக்கடை என்றுதான் முதலில் விலகினேன்.
ஒரு முழ அகலம், கருங்கல் கரை,
அடியில் கிடக்கும் நாணயத்தின் வருடம் தெரிகிற தெளிவு.
துணிக்கடை வாசலைத் தொட்டு, வங்கிப் படியைச் சுற்றி,
டிராம் தண்டவாளத்துக்கு அடியில் நுழைந்து
ஒன்றும் நடக்காததுபோல் அந்தப்பக்கம் வெளிவருகிறது.
ஒரு சிறுமி மரப்படகைக் கயிற்றில் கட்டி
நாய்க்குட்டியைப் போல் நடத்திப் போனாள்.

நடைபாதையில் கூழாங்கற்களால் ஒரு கத்தரிக்கோல்.
தையற்கடை எப்போதோ போய்விட்டது;
அந்த வாசலில் இப்போது செல்பேசி விற்கிறார்கள்.

செம்மணற்கல் தேவாலயத்தில்
மழைநீர் கொட்ட விலங்குத் தலைகளை வைத்தவர்கள்
ஒன்றை மட்டும் திருப்பி வைத்திருக்கிறார்கள்:
ஒரு மனிதன், குனிந்து, பின்புறத்தை ஊருக்குக் காட்டி.
பிரிவுபசார நாளில் என் மேலாளரிடம்
சொல்ல நினைத்து விழுங்கியதைக்
கல்லிலேயே செதுக்கி வைத்துவிட்டான் யாரோ ஒரு கொத்தன்.

அண்ணாந்தபடியே பின்னால் நகர்ந்தேன்.
இடது கால், கணுக்கால் வரை, தண்ணீருக்குள்.

பூ விற்றவள் கைதட்டினாள்.
தெரியாமல் இதில் கால் வைத்தால்
இந்த ஊர்க்காரரைத்தான் கட்டிக்கொள்வார்களாம்.
எனக்கு ஐம்பத்தாறு. விவாகரத்துத் தீர்ப்பின் நகல்
பீரோவில், காப்பீட்டுப் பத்திரத்துக்கும்
கேஸ் புத்தகத்துக்கும் நடுவே இருக்கிறது.
அதையெல்லாம் சொல்லவில்லை.
எத்தனை நாளைக்குள் என்று மட்டும் கேட்டேன்.

அதன்பிறகு எதிரே வந்த ஆண்களை
கொஞ்சம் தணிக்கைக் கண்ணோடு பார்த்தேன், பொய் சொல்வானேன்.
சைக்கிளில் வெங்காயத்தாள் கொண்டுபோன வழுக்கைத் தலையர்: பரவாயில்லை.
நீளச் சாசேஜின் கடுகுச் சாந்தைச் சட்டையில் வடித்தவர்: வேண்டாம்.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
செருப்புக்கடை வாசலில் நின்றவரை மட்டும்
இரண்டு முறை கடந்தேன்.
ஷூ சளக் சளக் என்று என்னைக் காட்டிக்கொடுத்தது.

கதவு மூடியது.
ஈரக் காலுறையை ஏசி துவாரத்தில் மாட்டினேன்.
மங்கையர்க்கரசி டீச்சர் மூக்கைச் சுளித்தார்.
அப்படி என்னதான் பார்த்தீங்க?
ஒரு பின்புறம், என்றேன்.
மீதி வழி முழுக்க அவர் பேசவில்லை.

பாசல் எல்லையில் அதிகாரி ஒருவர் ஏறினார்.
பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர்
காலுறைக்கு முன்னால் நின்றார். புருவம் உயர்ந்தது.
ஃப்ரைபர்க், என்றேன்.
பேருந்து அதிரச் சிரித்தார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால்
அவரும் கால் வைத்தாராம், வலது கால்,
அருள்சீலன் மொழிபெயர்த்தார்.

அதற்கப்புறமும் அதிகாரி வெகுநேரம் பேசினார்,
குரலைத் தாழ்த்தி, மோதிரத்தைத் திருகியபடி.
அதை அருள்சீலன் மொழிபெயர்க்கவில்லை.